சாய்வு வெட்டில் செருகு நாக்கு: உளியா, ரூட்டரா, டொமினோவா?

நேர் வெட்டில் துளை போடத் தச்சர் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. 45 டிகிரியில் அறுத்த முனையில்தான் தொல்லை. இரண்டு துண்டிலும் துளையிட்டு, தனியே அறுத்த நாக்கை நடுவே செருகும் இணைப்பு வலுவானதுதான். ஆனால் துளை அரை மி.மீ. தள்ளிப்போனாலும் மூலை படிபோல ஏறி நிற்கும்.

கருவியைப் பேசுமுன் ஒரு கணக்கு. 20 மி.மீ. பலகையைச் சாய்த்து அறுத்தால் வெட்டுமுகம் சுமார் 28 மி.மீ. அகலமாகிறது. அதன் நட்டநடுவில் துளை போடத்தான் கை போகும். போடக் கூடாது. வெட்டுமுகத்துக்குச் செங்குத்தாக இறங்கும் துளை பலகையின் வெளிமுகத்தை நோக்கித்தான் போகிறது. கூர்முனையிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடங்குகிறோமோ, அவ்வளவு ஆழம்தான் கிடைக்கும். நடுவில் வைத்த 5 மி.மீ. பிட் (துளையிடும் முனை), பதினொன்றரை மி.மீ. ஆழத்திலேயே வெளியே எட்டிப் பார்த்துவிடும். உள்மூலைப் பக்கம் நகர்ந்து, கூர்முனையிலிருந்து 18 மி.மீ. தள்ளி மையம் வைத்தால், 12 மி.மீ. ஆழம் இறக்கிய பிறகும் பாலீஷ் போடும் வெளிமுகத்துக்குள் இரண்டரை மி.மீ. மரம் மிஞ்சும்.

உளிக்கு இந்தக் கணக்கு தெரிந்தாலும் கட்டுப்பாடு போதாது. சாய்வு முனையில் மர ரேகை குறுக்கே ஓடுவதால் உளி ரேகையைப் பிடித்துக்கொண்டு நழுவும். பழைய வீட்டு ஜன்னல் சட்டத்தில் ஒரே ஒரு மூலையைச் சரிசெய்ய அது போதும். பத்துப் பெட்டிக்கு வேண்டாம்.

என் ஓட்டு, சுழலும் பிட்டால் மரத்தைக் குடையும் மின்கருவியான ரூட்டருக்கு. வெட்டுமுகம் மேலே மட்டமாக வரும்படி பலகையை 45 டிகிரி ஜிக்கில் (துண்டைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்தும் தாங்கி) கிளாம்ப் போட்டு, ரூட்டரை வழிகாட்டிக் கட்டையை ஒட்டி ஓட்டினால் ஒவ்வொரு துளையும் ஒரே இடத்தில் விழும். நிபந்தனை ஒன்றே: எல்லாத் துண்டிலும் வெளிமுகமே ஜிக்கில் படிய வேண்டும். அப்போது ஜிக் அரை மி.மீ. பிசகியிருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பிசகி, மூலை சேர்ந்துகொள்ளும். ஒன்றைத் திருப்பி வைத்தால் அதே பிசகு ஒரு மி.மீ. படியாகிவிடும். வலது முனை, இடது முனை இரண்டுக்கும் நிறுத்தக் கட்டை ஜிக்கின் இரு ஓரத்திலும் இருக்கட்டும்.

இந்த ஊரில் ஜிக் செய்வது பெரிய காரியமில்லை. பம்ப், மோட்டார், வார்ப்படம் என்று வளர்ந்த கோவையில், கணபதி பக்கம் போனால் அலுமினியக் கட்டையை மில்லிங்கில் 45 டிகிரிக்குச் செதுக்கித் தர ஆள் உண்டு. மழைக்காற்றில் உப்பிக்கொள்ளும் பிளைவுட் ஜிக்கைவிட அது நம்பகமானது.

நாக்குத் துளை போடவே ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் செய்யும் கைக்கருவியான டொமினோவில், பிட் சுழன்றுகொண்டே பக்கவாட்டிலும் ஆடித் துளையை நீளமாக்குகிறது. வழிகாட்டித் தகடு 90 டிகிரி வரை சாயும்; 22.5, 45, 67.5-இல் தானே நிற்கும். முதல் துளையை நாக்குக்கு இறுக்கமாகவும் மற்றவற்றைச் சற்று அகலமாகவும் போட்டால் நீளவாட்டில் கொஞ்சம் மன்னிக்கும். ஜிக்கில் நிமிர்த்தி நிறுத்த முடியாத எட்டடிச் சட்டத்துக்கு இதுதான் வழி, கருவியே மரத்திடம் போவதால். ஆனால் 28 மி.மீ. முகத்தில் கருவி உட்கார இடம் குறைவு. கை சற்றுத் தூக்கினாலும் துளை சாயும். விலையோ கையைக் கடிக்கும். மாதம் முழுக்கச் சட்டவேலை இல்லாத பட்டறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நாக்குக்குப் பதில் டவல் குச்சி (உருண்டை மரக்குச்சி) ஒன்று போட்டால் மூலை திருகிக்கொள்ளும். இரண்டு போட்டால் நான்கு துளைகள் ஒத்துவர வேண்டும். பிஸ்கட் எனும் மெல்லிய மரச்சில்லு சேர்த்து நிறுத்தும், பளு தாங்காது.

முக்காலிக் கால்போல 7 டிகிரி சாய்வு என்றால், டொமினோ தகடு தானே நிற்கும் கோணம் எதுவும் உதவாது. அதே ரம்பத்தில், அதே அமைப்பில் ஓர் ஆப்பை அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். டொமினோ தகட்டை அந்த ஆப்பின் மேல் படிய வைத்து முடுக்கலாம். ரூட்டர் ஜிக்கில் துண்டுக்கு அடியில் அதையே கொடுக்கலாம். டிகிரி எண்ணைப் படிக்கவே வேண்டாம்.