படங்கு கட்ட வாங்கிய பொலியெஸ்டர் கயிறு: பத்து மாத அனுபவம்

மலையில் இரவு தங்கும்போது மேலே கூரையாகப் படங்கு (தார்ப்பாய்) இழுத்துக் கட்டவென்று, கண்டியில் கேம்பிங் சாமான் விற்கும் ஒரு கடையில் இந்தக் கயிற்றை வாங்கினேன். பொலியெஸ்டர், 2.5 மில்லிமீட்டர் தடிப்பு, சுருளுக்கு 20 மீட்டர். பளீர் மஞ்சள் நிறம், பின்னலுக்குள் டோர்ச் பட்டால் மின்னும் நூல் ஒன்று ஓடுகிறது. சுருளோடு நாலு பிளாஸ்டிக் இறுக்கிகளும் வந்தன. ஒரு சுருள் 1,450 ரூபா, இரண்டு எடுத்தேன். பத்து மாதத்தில் பதினான்கு இரவுகள் இதை நம்பிப் படுத்திருக்கிறேன்: நாரங்கலயில், இதல்கஸ்ஹின்னப் பக்கம், மழை மாதத்தில் மஸ்கெலியாவில். ஹாட்வெயார் கடையில் மீட்டர் கணக்கில் கயிறு கிடைக்கும்போது இவ்வளவு காசு எதற்கு என்று என் தம்பியே கேட்டான். கொடுக்கலாம் என்பதுதான் என் பதில்.

இதற்கு முன் வைத்திருந்தது கறுப்புப் பராகோர்ட். பாரசூட்டுக்கென்று வந்த நைலோன் கயிறு, உள்ளே ஏழு இழை, 550 இறாத்தல் தாங்கும் என்பார்கள். பலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 3 மீட்டருக்கு 3 மீட்டர் படங்கை இழுத்துப் பிடிக்க அவ்வளவு பலம் தேவையே இல்லை. நமக்கு வேண்டியது நீளாத கயிறு. நைலோன் இழுபடும் சாதி, நனைந்தால் இன்னும் இளகும். சாதாரண ஈரக்காற்றிலேயே தன் எடையில் நூற்றுக்கு நாலு பங்கு தண்ணீரை அது குடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் நூற்றுக்கு அரைப் பங்குகூடக் குடிக்காது. மலையில் மழையே வேண்டாம், பனிமூட்டம் போதும். சாயங்காலம் தந்தி மாதிரி இழுத்துக் கட்டிய படங்கு இரவு பதினொரு மணிக்கு நடுவில் குழிந்து, குழியில் தண்ணீர் கட்டி, அடுப்புச் சாமான் மேல் கொட்டும். பராகோர்ட் இருந்த காலத்தில் ஒவ்வொரு மழை இரவும் இரண்டு தடவை எழுந்து இறுக்கியிருக்கிறேன். இந்தக் கயிற்றோடு மஸ்கெலியாவில் விடிய விடிய மழை பெய்தபோது ஒரு தடவைதான் எழுந்தேன், அதுவும் ஒரு முளை இளகியதால். (உங்கள் படங்கே நைலோன் துணியென்றால் துணியும் தொய்யும். அதற்குக் கயிற்றைக் குறை சொல்ல வேண்டாம். என்னுடையது பொலியெஸ்டர் துணி.)

நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கறுப்புக் கயிற்றை நான் விட்டதற்கு உண்மையான காரணம் அதுதான். ஒருமுறை தேயிலை மலை ஓரத்தில், அனுமதி கேட்டுத்தான், படங்கு கட்டியிருந்தோம். காலையில் கொழுந்தெடுக்கப் போன அக்காமார் அந்த ஒற்றையடிப் பாதையால் வந்தார்கள். முன்னால் வந்தவர் காலில் என் மூலைக் கயிறு மாட்டி, கையை ஊன்றி விழுந்தார். நல்லவேளை, அடி பலமாக இல்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துண்டைத் தட்டிக்கொண்டே, "கண்ணுக்கே தெரியலையே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் அம்மாவும் அப்படி ஒரு பாதையில் இருபத்தைந்து வருடம் நடந்தவர். அன்றைக்கே கறுப்புக் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டேன். இந்த மஞ்சள் பகலில் இருபது அடிக்கு அப்பாலேயே தெரிகிறது, இரவில் டோர்ச் பட்டதும் கோடு போட்டது மாதிரி மின்னுகிறது. அப்படியிருந்தும் நடைபாதைக்குக் குறுக்கே எந்தக் கயிற்றையும் கட்ட வேண்டாம். தேயிலைச் செடியிலும் கட்டக் கூடாது. காற்று படங்கைப் பிடித்து உலுக்கினால் வாது முறிந்துபோகும், அது இன்னொருவருடைய பிழைப்பு.

சரி, எப்படி வெட்டினேன் என்று சொல்கிறேன். நடுவில் ஓடும் முதுகுக் கயிறு 10 மீட்டர். சவுக்கு மரங்கள் எங்கே நிற்கும் என்று நாம் தீர்மானிக்க முடியாது, அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நாலு மூலைக்கும் மும்மூன்று மீட்டர். குட்டைக் கயிறு கட்டினால் செங்குத்தாக நின்று முளையை மேலே பிடுங்கும். நீளமாக விட்டுச் சாய்வாகக் கட்டினால் முளை நிற்கும். பக்கங்களுக்கு இரண்டு மீட்டரில் இரண்டு, கயிறு எட்டாத இடத்தில் முடிந்து நீட்டிக்கொள்ள நாலு மீட்டரில் இரண்டு. மீதியைச் சின்ன வளையங்களாகவும் சாண் துண்டுகளாகவும் வெட்டினேன். அந்தச் சாண் துண்டு பெரிய வேலை செய்யும். மரத்திலிருந்து முதுகுக் கயிறு வழியாக மழைத் தண்ணீர் ஓடிவந்து படங்குக்குள் இறங்கும். படங்கின் விளிம்புக்கு ஒரு சாண் வெளியே இதை முடிந்து தொங்கவிட்டால் தண்ணீர் அதன் வழியாகச் சொட்டிவிடும். வெட்டிய நுனிகளை லைட்டரால் லேசாக உருக்கிவிடுங்கள். உருகிய நுனியைக் கையால் தொட வேண்டாம், தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கூட வந்த பிளாஸ்டிக் இறுக்கிகள் பிரயோசனமில்லை. காற்றில்லாத இடத்தில் நிற்கின்றன. நாரங்கல 1,500 மீட்டருக்கு மேலே, மொட்டைப் புல் முகடு. தென்மேல் பருவக்காற்று மாதங்களில் ஹட்டன் பக்கம் மழை கொட்டும்போது நம் ஊவாப் பக்கம் வறண்ட காற்றுத்தான் அடிக்கும், அதுவும் விட்டுவிட்டு உதைக்கிற காற்று. ஒவ்வொரு உதைக்கும் இறுக்கி அரை அங்குலம் நழுவியது. நாலையும் கழற்றிவிட்டு அப்பாவின் லொறிக் கட்டைப் போட்டேன்.

அப்பா தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தவர். லொறியில் படங்கு போட்டு இழுக்கிற கட்டு அது. கயிற்றின் நடுவில் ஒரு வளையம் முறுக்கி, அதற்குள் கயிற்றை மடித்து நுழைத்து ஒரு காது எடுக்க வேண்டும். நுனியை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் காதுக்குள் விட்டுக் கீழே இழுத்தால் கப்பி போட்டது மாதிரி இறுகும். இறுகிய இடத்தை விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு அரைமுடிச்சு, அதையும் மடித்தே போட வேண்டும். "அவுக்கிற நுனிய வெளிய விடுடா" என்று அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார். விறைத்த விரலால் விடிகாலையில் அவிழ்க்கும்போது அந்த நுனியின் அருமை தெரியும். இந்தக் கயிறு கொஞ்சம் சொரசொரப்பு, முடிச்சு நழுவவில்லை. நண்பர் ஒருவர் டைனீமா என்ற இன்னொரு வகைக் கயிறு வைத்திருக்கிறார். இதைவிட மெல்லியது, பலம் அதிகம், தண்ணீர் குடிக்காது. ஆனால் வழுக்கலில் முடிச்சு நிற்க மாட்டேன் என்கிறது, விலையும் கூட.

முளை இறங்காத பாறை நிலத்தில் கயிற்றுக்குக் கல்தான் துணை. சின்னக் கல்லில் கயிற்றைச் சுற்றி, படங்குக்கும் அதற்கும் நடுவில் கயிற்றின் மேல் பெரிய கல்லை வைத்தால், காற்று இழுக்கும்போது சின்னது பெரியதில் முட்டி நிற்கும். ஆனால் கயிறு தேய்கிற இடமும் இதுதான். என் கயிற்றின் ஒரே பெரிய குறையும் இங்கேதான்: கல்லில் உரசிய இரண்டு துண்டுகளில் மின்னும் நூல் அறுந்து மயிர் மயிராக நிற்கிறது. கயிறு அறவில்லை, அந்த நீளத்துக்கு மட்டும் இரவில் மின்னுவதில்லை. வெயிலில் மஞ்சளும் கொஞ்சம் வெளிறிவிட்டது.

சிக்கு விழாமல் வைக்க, பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் எட்டுப் போல மாறி மாறிச் சுற்றி, கடைசி முழத்தை அந்த எட்டின் இடுப்பில் இரண்டு சுற்று சுற்றி, ஒரு காதை உள்ளே விட்டு இழுங்கள். கையைச் சுற்றி வட்டமாகச் சுருட்டினால் முறுக்கேறிச் சிக்கும். மூலைக் கயிறுகளை நான் படங்கிலிருந்து கழற்றுவதே இல்லை. ஈரத்தோடு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே நிழலில் உலர்த்திவிடுவேன், அடுப்புக்கு மேலே கட்டுவதில்லை.

போன வாரம் அந்தக் கடைக்குப் போன் பண்ணினேன். இதே கயிற்றில் 3 மில்லிமீட்டரும் வருமாம். அது வந்தால் முதுகுக் கயிற்றுக்கு மட்டும் ஒரு சுருள் எடுப்பேன், மூலைகளுக்கு இதே 2.5 தான்.