12 வால்வு கம்மின்ஸுக்கு எந்த டர்போ?

அமெரிக்காவில் பழைய டாட்ஜ் ராம் பிக்கப்பை வாங்கி, எஞ்சினைப் பிரித்துத் தங்கள் விருப்பத்துக்குக் கட்டுகிறவர்கள் பலர் தேடுவது 1994 முதல் 1998 வரையிலான மாடலைத்தான். அதிலிருக்கும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி எஞ்சின்தான் காரணம். ஆறு சிலிண்டர், 12 வால்வு, டீசலை இன்ஜெக்டருக்குத் தள்ளும் போஷ் பி7100 பம்பு. எஞ்சினை ஆட்டிவைக்கக் கம்ப்யூட்டர் கிடையாது. (நம் ஊர் டாடா லாரிகளில் ஓடியதும் இதே குடும்பம்தான், ஜாம்ஷெட்பூரில் தயாரானது.) கம்பெனியிலிருந்து வரும்போது 160 முதல் 215 குதிரைத்திறன். பம்பைத் திருத்தி, பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டால் டீசலுக்குப் பஞ்சமில்லை. காற்றுக்குத்தான் பஞ்சம். அதைத் திணிப்பது டர்போ: எக்ஸாஸ்ட் வேகத்தில் டர்பைன் சக்கரம் சுழலும், அதோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரஸர் சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்.

தினமும் ஓட வேண்டும், டிரெய்லர் இழுக்க வேண்டும், 400 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ டீசலுக்கு 22 கிலோ காற்று கொடுத்தால்தான் புகையும் சூடும் அடங்கியிருக்கும். அந்தக் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 25 கிலோ காற்று தேவை. 2,600 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு இழுப்பது ஏறக்குறைய 7 கன மீட்டர். அதற்குள் 25 கிலோவைத் திணிக்க, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நன்றாக வேலை செய்தாலும், 36 பிஎஸ்ஐ அளவுக்கு பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேலான கூடுதல் அழுத்தம்) வேண்டும். டர்போ விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

வண்டியோடு வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 அருமையான டர்போ. சீக்கிரம் சுழலும், எளிதில் கெடாது, பழையது மலிவாகவும் கிடைக்கும். ஆனால் அந்த 36 பிஎஸ்ஐ அதன் எல்லைக்கோடு. அங்கே எப்போதாவது போய் வரலாம், குடியிருக்க முடியாது. 300, 320 குதிரைத்திறன் போதும் என்பவர் இதை மாற்றவே வேண்டாம், அந்தக் காசை கிளட்ச்சில் போடலாம்.

அதற்கு மேலே உண்மையான போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, 2004 நடுவிலிருந்து 2007 வரை வந்த 5.9 லிட்டர் ராமில் இருந்த ஹோல்செட் எச்இ351சிடபிள்யூ. மற்றொன்று, போர்க்வார்னர் எஸ்300 வகையில் 62/65/14 என்று விற்பது. இந்த மூன்று எண்ணில் முதலாவது கம்ப்ரஸர் சக்கரத்தின் வாய் அளவு, மில்லிமீட்டரில். இரண்டாவது டர்பைன் சக்கரத்தின் அளவு. மூன்றாவது டர்பைன் ஹவுசிங் வழியின் பரப்பு, சதுர சென்டிமீட்டரில். வாங்குகிறவர்கள் முதல் எண்ணிலேயே நின்றுவிடுகிறார்கள். எச்இ351க்கும் வாய் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர்தானே, இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். வித்தியாசம் மூன்றாவது எண்ணில் இருக்கிறது: எச்இ351இன் ஹவுசிங் வெறும் 9.

சிறிய ஹவுசிங்கில் எக்ஸாஸ்ட் வேகமாகப் பாயும், அதனால் 1,500 ஆர்பிஎம்மிலேயே டர்போ விழித்துக்கொள்ளும். சிக்னலில் நின்று கிளம்பும்போது ஓட்டுகிறவருக்கு இது சுகம். நீண்ட மேட்டில் லோடோடு ஏறும்போது அதே சிறிய வழி தொண்டையில் சிக்கிய மாதிரி ஆகிவிடும். டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் தேங்கி, பூஸ்டை வெகுவாகத் தாண்டும்; எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் 700 டிகிரி செல்சியஸை நோக்கி நகரும். அந்தச் சூட்டில் தொடர்ந்து ஓட்டினால் முதலில் அடிவாங்குவது அலுமினிய பிஸ்டன்.

62/65/14 குறைந்த ஆர்பிஎம்மில் கொஞ்சம் சோம்பல்தான், ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் அது நன்றாகவே தெரியும். ஆனால் மேட்டில் மூச்சு விடும். பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் டி3 ஃபிளான்ஜுக்கே (டர்போவைப் பூட்டும் முகப்பு) பொருந்தும் வகையும் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய டி4 ஃபிளான்ஜ் வகை வாங்கினால் மேனிஃபோல்டையும் மாற்ற வேண்டும். எச்இ351 மேனிஃபோல்டில் பொருந்திவிடும். ஆனால் வெளியேறும் பைப்பை மாற்ற வேண்டும், காற்றுக் குழாய் இணைப்பைச் சரிசெய்ய வேண்டும், அதன் வேஸ்ட்கேட்டை (மிஞ்சும் எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) இயக்கும் மின் வால்வுக்கு இந்த வண்டியில் கட்டளை கொடுக்க ஆள் இல்லாததால் அதையும் மெக்கானிக்கலாக மாற்றியாக வேண்டும். மலிவு என்று வாங்கியவர் மிச்சம் பிடித்ததில் பாதியை இந்தச் சில்லறைச் செலவில் விட்டுவிடுவார். மேனுவல் கியர், கனமான டிரெய்லர் என்றால் என் ஓட்டு 62/65/14க்குத்தான். காலியாகவே ஊர் சுற்றுகிற ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எச்இ351 போதும்.

போர்க்வார்னரின் மிகப் பெரிய எஸ்475 டர்போவைத் தனியாகப் போடுவது பந்தயக்காரர் வேலை. ரோட்டில் பாதி நேரம் கரும்புகைதான் வரும். 6.7 லிட்டர் ராமின் எச்இ351விஇயில் வழியின் அளவே ஓடும்போது மாறும், கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரே இல்லாத வண்டிக்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்க வேண்டும். பிறகு 12 வால்வு எதற்கு?

500 குதிரைத்திறனைத் தாண்ட ஆசைப்பட்டால் கணக்கே மாறும். அங்கே உள்ளே வரும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைப் போல நான்கு மடங்குக்கு மேல் போக வேண்டும், ஒற்றை கம்ப்ரஸர் திணறும் இடம் அது. எனவே இரண்டு டர்போவை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுவார்கள்: எஸ்475 வெளிக்காற்றை இழுத்து முதலில் அழுத்தும், எச்எக்ஸ்35 அதை வாங்கி இன்னொரு முறை அழுத்தும். இரண்டின் விகிதமும் கூட்டல் இல்லை, பெருக்கல்: 2.2ஐ 2.2ஆல் பெருக்கினால் 4.8. எந்த டர்போவும் மூச்சு முட்டாது, சின்னது இருப்பதால் கீழேயும் சோம்பல் இல்லை. டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. விலைதான் கசக்கும்: இரண்டு டர்போ, வளைத்து வளைத்துக் கட்டும் பைப்புகள், ஹெட் கேஸ்கட் தாங்குவதற்கு ஏஆர்பி கம்பெனியின் வலுவான ஸ்டட் (ஹெட் போல்ட்டுக்குப் பதிலாகப் போடுவது), கடினமான வால்வு ஸ்பிரிங். அத்தனை அழுத்தத்தில் பழைய ஹெட் போல்ட்டையே நம்பினால் சிலிண்டர் ஹெட் தூக்கும், கூலன்ட் வெளியே தள்ளும்.