டிரையத்லானுக்குப் பணம் கட்டுவதற்கு முன்: ஓர் எச்சரிக்கை

சனிக்கிழமை 10 கி.மீ. சாலை ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரின்ட் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி), இரண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். இப்படி ஒரு வார இறுதித் தொகுப்பை விற்றவர்களிடம் நானும் என்னோடு பயிற்சி செய்யும் சிலரும் ஏமாந்தோம். அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில், வேறு லோகோவோடு அடுத்த சீசனுக்குப் பதிவைத் திறந்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு வங்கியில் முறையிட்டிருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நடந்ததைத் தெரிந்துகொண்டால், இவர்களோ இவர்களைப் போன்றவர்களோ எந்தப் பெயரில் வந்தாலும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து கிலோமீட்டர் என்று விளம்பரம். முடிவுக் கோட்டைத் தாண்டி ஜிபிஎஸ் வாட்சை நிறுத்தினால் 9.4. எனக்கு முன்னால் முடித்தவருக்கு 9.38, பின்னால் வந்தவருக்கு 9.41. போய்க் கேட்டால், ஜிபிஎஸ் அப்படித்தான் காட்டும் என்று பதில்.

அது அப்படிக் காட்டாது. வாரா வாரம் ஓடுகிறவர்களுக்கு இது தெரியும். நாம் யாரும் வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் ஓடுவதில்லை. முந்துவதற்கு விலகுகிறோம், தண்ணீர் எடுக்க ஓரம் போகிறோம். அதோடு ஜிபிஎஸ் புள்ளிகளும் கொஞ்சம் இப்படி அப்படி விழும். அதனால் சரியாக அளந்த 10 கி.மீ. பாதையில் பெரும்பாலான வாட்சுகள் 10-ஐத் தாண்டித்தான் நிற்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் ஒருவருடைய வாட்ச் குழம்பலாம். திறந்த சாலையில் எல்லோருடைய வாட்சும் ஒரே அளவு குறைத்துக் காட்டினால், குறைந்தது பாதைதான்.

ஓட்டப் பாதையை அளப்பதற்கு உலகம் முழுக்க ஒரே முறைதான். சைக்கிளின் முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சின்னக் கருவியைப் பொருத்துவார்கள். இரும்பு டேப்பால் அளந்த ஒரு நேர்க்கோட்டில் ஓட்டி முதலில் அதைச் சரிபார்ப்பார்கள். அப்புறம் பாதையின் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, சாத்தியமான மிகக் குறுகிய வழியிலேயே ஓட்டி அளப்பார்கள். அதற்கு மேலும் ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டி வைப்பார்கள். 10 கி.மீ. என்றால் 10 மீட்டர், மாரத்தான் என்றால் 42 மீட்டர். தவறினாலும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. பெரிய போட்டிகளிலும் தவறு நடந்திருக்கிறது. மான்செஸ்டர் மாரத்தானில் 2013 முதல் 2015 வரை பாதை 380 மீட்டர் குறைவாக இருந்தது என்று 2016-இல் தெரியவந்தது. சுமார் 24,000 பேரின் நேரங்கள் செல்லாமல் போயின. ஆனால் அது மறு அளவீட்டில் வெளிவந்து, எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்தது 'ஜிபிஎஸ் பிழை' என்ற ஒற்றை வரி.

அறுநூறு மீட்டர் குறைந்ததில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, விடியற்காலையில் எழுந்து மாதக்கணக்கில் பயிற்சி செய்த ஒருவர் அன்று தன் வாழ்நாள் சிறந்த நேரம் என்று நினைத்துக் கண்கலங்கினார். அந்த நேரத்தை வைத்துத்தான் அவர் அடுத்த பயிற்சி வேகத்தைக் கணக்கிடுவார், அடுத்த மாரத்தானில் எந்த பேசர் (குறித்த வேகத்தில் ஓடி வழிகாட்டுபவர்) பின்னால் நிற்பது என்று முடிவு செய்வார். பொய்யான நேரத்தை வைத்துக் கணக்கிட்ட வேகம் இருபதாவது கிலோமீட்டருக்குப் பிறகு காலை வாரும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் இதை எழுதக் காரணமே அந்த நாள்தான்.

ஸ்பிரின்ட் டிரையத்லான் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். நீச்சல் ஓர் ஏரியில். முந்தைய நாள் விளக்கக் கூட்டத்தில், பாதை நெடுகிலும் காயக்குகள் (துடுப்புப் போடும் சிறு படகுகள்) நிற்கும், கையைத் தூக்கினால் உடனே ஆள் வந்துவிடும் என்றார்கள். முதல்முறை திறந்த நீரில் இறங்குபவர்கள் பலர் அந்த வார்த்தையை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். காலையில் பார்த்தால் காயக் ஒன்றுகூட இல்லை. இருந்தது ஒரே ஒரு மோட்டார் படகு. அதன் முன்பக்கத்தில் பெரிய லென்ஸோடு புகைப்படக்காரர் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்புப் படகும் அதுதான், படம் எடுக்கும் படகும் அதுதான்.

நீந்தித் திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் தூரத்து மிதவை, ஆரஞ்சு நிறத்தில் காற்றடைத்த பெரிய பை, நங்கூரம் பிடிக்காமல் காற்றோடு நகர்ந்துகொண்டிருந்தது. முதல் வேவ் (ஒன்றாகக் கிளம்பும் குழு) கிளம்பியபோது அது கரைப்பக்கமாக வந்துவிட்டிருந்தது. வழக்கமாக 18 நிமிடம் எடுக்கும் ஆட்கள் 13 நிமிடத்தில் கரையேறினார்கள். அதைக் கவனித்த பிறகு, அடுத்த வேவ் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும்போதே படகை அனுப்பி மிதவையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த வேவில்தான் நான் இருந்தேன். திசை பார்க்கத் தலையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் மிதவை முன்பைவிடத் தள்ளி இருந்தது. முதல் வேவ் நீந்திய தூரம் வேறு, நாங்கள் நீந்திய தூரம் வேறு. பரிசுப் பட்டியல் மட்டும் ஒன்று.

அப்போதுதான் எனக்கு இடப்பக்கம் ஒருவர் மூச்சு பிடிபடாமல் மல்லாந்து கையை ஆட்டினார். படகு மிதவையோடு தூரத்தில் இருந்தது. கரையில் நின்ற வாலண்டியர் விசில் ஊதினார். பாவம், அவரிடம் இருந்தது அந்த விசில் மட்டும்தான். நீந்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தங்கள் போட்டியை விட்டுவிட்டு அவரிடம் போனார்கள். ஒருவர் தன் இடுப்பில் கட்டியிருந்த மிதவைப் பையை அவிழ்த்து அவர் கைகளுக்குள் கொடுத்தார். மற்றவர் அவர் முகத்துக்கு நேரே நின்றபடி, மெதுவா, மூச்சை வெளியே விடுங்க, வெளியே விடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பிழைத்துக் கரையேறியது அவர்களால். பிறகு வந்த முடிவுப் பட்டியலில், கட்-ஆஃப் நேரத்தைத் தாண்டியதாக அந்த இரண்டு பெண்களுக்கும் டிஎன்எஃப், அதாவது போட்டியை முடிக்கவில்லை என்று, போட்டிருந்தார்கள். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

டிரையத்லானில் உயிர் போகும் இடம் பெரும்பாலும் நீச்சல்தான் என்பது இந்த விளையாட்டை நடத்துபவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதயம் நின்றுபோன நிகழ்வுகளையும் ஆராய்ந்தபோது, மொத்தம் 135-இல் 90 நீச்சலின்போது நடந்தவை. தண்ணீருக்குள் ஒருவர் அமைதியாகிவிட்டால் கரையிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அதற்குத்தான் காயக். அதற்குத்தான் நாம் பணம் கட்டுகிறோம்.

சைக்கிள் பாதை 5 கி.மீ. சுற்று, நான்கு முறை. மூடிய சாலை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாவது சுற்றில் எதிரே லாரி வந்தது. திரும்பும் இடத்தில் டைமிங் மேட் (காலில் கட்டிய சிப்பைப் படித்து நேரத்தைப் பதியும் விரிப்பு) இல்லை. ஒரு சிறுவன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களின் பிப் (உடையில் குத்தும் அட்டை) எண்ணை எழுத முயன்றுகொண்டிருந்தான். விளைவு என்னவாக இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம். சிலர் மூன்று சுற்றோடு சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட்டத்துக்குப் போய்விட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, எண்ணிக்கை தவறிவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் வயதுப் பிரிவில் மேடை ஏறினார். ஆட்சேபித்தபோது ஆதாரம் கேட்டார்கள். ஆதாரத்தைப் பதிவு செய்ய வேண்டிய மேட்டை வைக்காதவர்களே ஆதாரம் கேட்டார்கள்.

ஓட்டத்தில், வேகமானவர்கள் முடித்துப் போன பிறகு தண்ணீர் தீர்ந்துவிட்டது. மோசமாக நடத்தப்படும் போட்டிகளில் எப்போதும் இப்படித்தான். கடைசியில் வருகிறவர்கள்தான் வெயிலில் அதிக நேரம் நிற்கிறார்கள், அவர்களுக்குத்தான் காலி மேசை. கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதானே. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருவர் தள்ளாடி விழுந்தார். பெயர் கேட்டால் சம்பந்தமில்லாமல் பேசினார், உடம்பு தொட்டால் சுட்டது. உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கில் உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். குளிர்ந்த நீரில் கழுத்துவரை அமிழ்த்தி முதலில் உடம்பைக் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் மருத்துவமனைக்கு என்பது விளையாட்டு மருத்துவத்தின் அடிப்படை. அங்கே தொட்டியும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. ஆம்புலன்ஸ் இருந்தது, ஆனால் சைக்கிள் பாதைத் தடுப்புகளுக்கு அந்தப் பக்கம். தடுப்பைத் திறக்க யாருக்கு அதிகாரம் என்று வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்த குடும்பங்கள் தங்கள் பாட்டில்களை அவர் தலையிலும் கழுத்திலும் ஊற்றி, பிப் அட்டையால் விசிறினார்கள். அவர் தேறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

முடிவுப் பட்டியல் வந்தபோது கடைசி ஏமாற்றும் வெளிப்பட்டது. எங்கள் குழுவில் ஒருவருக்கு சைக்கிளில் பஞ்சராகி, சாலையோரம் நின்று டியூப் மாற்றினார். அவரைத் தாண்டிப் போன எங்களைவிட அவருடைய சைக்கிள் நேரம் பட்டியலில் குறைவாக இருந்தது. கணுக்காலில் சிப் கட்டியிருந்தோம், ஆனால் அதைப் படிக்கும் மேட் முடிவுக் கோட்டில் மட்டும்தான் இருந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று தனித்தனியாகப் போட்டிருந்த நேரங்களை யாரோ உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பதிவுப் படிவத்தில் எல்லா ஆபத்துக்கும் நாங்களே பொறுப்பு என்று கையெழுத்திட்டதை நினைவூட்டினார்கள். கையெழுத்திட்டது விளையாட்டின் இயல்பான ஆபத்துக்கு. வைக்கிறோம் என்று சொன்ன காயக்கை வைக்காமல் விட்டதற்கு இல்லை. அதன் பிறகு மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, பங்கேற்பாளர் குழுவில் கேள்வி கேட்டவர்களை நீக்கினார்கள். கார்டில் கட்டியவர்கள் சொன்ன சேவை வழங்கப்படவில்லை என்று வங்கியில் முறையிட்டிருக்கிறோம். இதற்குக் கால வரம்பு உண்டு, ஒத்திப்போடாதீர்கள். தனிநபர் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பியவர்களுக்கு அந்த வழியும் இல்லை. தனிநபர் கணக்கு எண்ணைக் கொடுக்கும் போட்டிக்கு நான் இனி ஒரு காசும் அனுப்ப மாட்டேன்.

புதுப் போட்டி ஒன்றின் அறிவிப்பு வந்தால், மெடல் படத்தையும் டி-ஷர்ட் படத்தையும் தாண்டி ஒன்றிரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். பாதையை யார் அளந்தார், சான்றிதழ் இருக்கிறதா? நீச்சலில் எத்தனை காயக், எத்தனை உயிர்காப்பாளர்கள், ஒரு வேவில் எத்தனை பேர்? டைமிங் மேட் எந்தெந்த இடங்களில்? வெப்பத் தாக்குக்குக் குளிர்நீர்த் தொட்டி இருக்கிறதா? சாலையை மூட அனுமதி வாங்கியாகிவிட்டதா? நல்ல அமைப்பாளர்கள் இவற்றுக்கு அன்றே பதில் சொல்வார்கள், சொல்லிக்கொள்வதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. மழுப்பினால் அதுவே பதில். சென்ற ஆண்டின் முடிவுப் பட்டியலையும் திறந்து பாருங்கள். இடை நேரங்கள் இல்லாமல் முடிவு நேரம் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். பட்டியலே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். முடிந்தால், முதலில் வந்தவர்களிடம் விசாரிக்காமல் கடைசியாக முடித்த ஒருவரைத் தேடிப்பிடித்து, தண்ணீர் இருந்ததா என்று கேளுங்கள்.

அந்த வார இறுதியில் கலந்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாட்சில் இருக்கும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள், செயலியில் தெரியும் படம் போதாது. நீச்சலில் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது, சைக்கிளும் ஓட்டமும் போதும். எத்தனை சுற்று, எந்த நேரத்தில் எங்கே என்பது அதில் அப்படியே இருக்கும். கட்டண ரசீது, விளக்கக் கூட்டத்தில் எடுத்த வீடியோ, காயக் பற்றி அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல், எது இருந்தாலும் எனக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு பெண்களின் டிஎன்எஃப்பை நீக்கச் சொல்லி ஒரு கூட்டு மனு தயாராகிறது. அந்த வேவில் நீந்தியவர்களின் கையெழுத்துதான் அதற்கு முதலில் வேண்டும்.