துணிக்கடை அக்கவுண்ட் கார்டு: சட்டைக்காக வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஆறு வருடம் பழைய பாக்கி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர். கடன் பாக்கி எனக்குக் கிடையாது, வண்டியே ரொக்கத்தில் வாங்கியது. அது படுத்ததும் கார் லோன் கேட்டு வங்கிக்குப் போனேன். நிரந்தர வசிப்புரிமை இருக்கிறது, மூன்று மாதச் சம்பளச் சீட்டு கொடுத்தேன், இந்தியாவில் கடைசியாகப் பார்த்தபோது சிபில் கடன் ஸ்கோர் 781. முடியாது என்றுவிட்டார்கள்.

காரணத்தை எழுத்தில் கேட்டேன். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது, ஆனால் நாம் கேட்க வேண்டும். பதில் இரண்டே வரி: என் பெயரில் போதுமான கடன் வரலாறு இல்லை. சிபில் கடல் தாண்டி வராது. என் போனோ பிரீபெய்ட், அதிலும் கடன் வரலாறு சேராது. நண்பர்களோடு போட்ட சீட்டுக்குப் பதினெட்டு மாதம் தவறாமல் கட்டியதும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. கடனே வாங்காதவன் யோக்கியன் என்று அப்பா சொல்வார். வங்கிக்கு அவன் யாரென்றே தெரியாத ஆள்.

சாட்ஸ்வொர்த்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன். "துணிக்கடையில் ஒரு அக்கவுண்ட் எடு தம்பி, எங்க வீட்டுல எல்லாருக்கும் அதுலதான் ஆரம்பம்" என்றார். அப்படி வாங்கியதுதான் கடையில் கடனுக்கு எடுத்துத் தவணையில் கட்டும் இந்த கார்டு.

கால் மணி நேரத்தில் கடையிலேயே கொடுத்துவிட்டார்கள், 1,500 ராண்ட் வரம்பு. ஆறு மாதத் தவணைக்கு வட்டி இல்லை, மாதச் சேவைக் கட்டணம் மட்டும் தனி. மகளின் பள்ளிச் சீருடை, ஷூ 720 ராண்ட். மாதம் 120 கட்டினேன். அதே ஷூ கிரே ஸ்ட்ரீட் பக்கம் நூறு ராண்டாவது குறையும். (தெருவுக்கு டாக்டர் யூசுஃப் டாடூ பெயர் வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது, என் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான்.)

இரண்டு எரிச்சல்கள். டிராஃபிக்கில் இருந்தபோது போனில் ஒரு பெண் ஏதோ இன்ஷூரன்ஸ் பற்றிச் சொல்ல, சரி சரி என்று வைத்துவிட்டேன். அடுத்த பில்லில் 34 ராண்ட்! அதை நிறுத்த மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது. அதைவிடப் பெரியது, கடை கவுண்டரிலேயே கட்டிய ஒரு தவணையை நான்கு நாள் கழித்துப் பதிந்து, என்னைத் தாமதக்காரன் ஆக்கிவிட்டார்கள். வரலாறு சேர்க்கத்தானே கார்டே வாங்கினேன்! நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஒவ்வொரு கிரெடிட் பீரோவும் வருடம் ஒருமுறை நம் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் இரண்டிலும் வாங்கிப் பார்த்தபோதுதான் இது கண்ணில் பட்டது. ரசீது பர்ஸில் இருந்தது, தப்பித்தேன். ஆட்சேபம் கொடுத்தால் 20 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும் என்பது விதி. எனக்கு மூன்றாவது வாரம் திருத்தினார்கள். கடை ரசீதுகள் வெயிலில் வெளுத்துப்போகும், போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரம்பை 6,000 ஆக்கட்டுமா என்று வாரம் தவறாமல் எஸ்எம்எஸ் வரும். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினான்காவது மாதம் அதே வங்கி கார் லோன் கொடுத்தது. வட்டி நான் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது மகளுக்கு ஷூ மட்டும் இந்த கார்டில். என் சட்டைக்கு கிரே ஸ்ட்ரீட்தான், ரொக்கம்தான்.