டகோமாவின் பின் ஆக்சிலை அகலப்படுத்தினால்: நீண்ட கால ஓட்டத்தில் தெரிந்தவை

முன்பக்கம் பக்கத்துக்கு 3.5 அங்குலம் அகலமான லாங் டிராவல் கிட் (சக்கரம் மேலும் கீழும் அதிக தூரம் அசைய விடும் சஸ்பென்ஷன் தொகுப்பு) ஏற்றிய 2005–2015 டொயோட்டா டகோமா பிக்கப், பின்னால் பழைய ஆக்சிலோடு ஓடினால் குறை முதலில் தெரிவது மணலில்தான். முன் டயர் போட்ட தடத்தில் பின் டயர் விழாது. தனக்கென்று இன்னொரு தடம் வெட்டிக்கொண்டே வரும், இன்ஜின் திணறும். தெற்குக் கலிபோர்னியாவின் ஒகோட்டிலோ வெல்ஸ் பக்கம் உள்ள மணல் ஓடைகளில் இது நன்றாகவே உறைக்கும்.

அதற்காகப் பின்னாலும் முழு 7 அங்குலம் கூட்ட வேண்டாம். பக்கத்துக்கு 2.5 அங்குலம், மொத்தம் 5 போதும். திருப்பத்தில் பின் சக்கரம் எப்படியும் உள்பக்கமாக வெட்டித்தான் வரும். முன்பக்கம் அளவுக்கே அகலமாக இருந்தால் முன் சக்கரம் தப்பிய பாறையில் பின் டயரின் பக்கச்சுவர் உரசும்.

அளவு எடுப்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் முன் டயர்கள் உள்வாங்கி நிற்கும். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, வழக்கமான உயரத்துக்கு வந்த பிறகே டேப் பிடிக்க வேண்டும். ஹவுசிங்குக்கு, அதாவது ஆக்சிலின் வெளிக்கூட்டுக்கு, சொல்ல வேண்டிய கணக்கு சக்கரம் பொருந்தும் முகத்திலிருந்து முகம் வரை. டயரின் வெளிவிளிம்பு அளவு அல்ல.

மலிவான வழி ஸ்பேசர்: சக்கரத்துக்கும் அது பொருந்தும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தடித்த வளையம். டகோமாவின் பின் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங் வகை, அதாவது வண்டியின் எடை பேரிங் வழியாக, சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டில் இறங்கித்தான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பின் சக்கரத்தில் 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், 50 மி.மீ. ஸ்பேசர் நின்ற நிலையிலேயே பேரிங்குக்கு 25 கிலோ-மீட்டர் வளைவுச் சுமை கூட்டுகிறது. குதித்து இறங்கும்போது இது பல மடங்காகும். ஆஃப்செட் மாற்றிய (டயரை வெளியே தள்ளி நிறுத்தும்) வீலுக்கும் இதே கணக்குதான். அதைப் பாதுகாப்பான மாற்று என்று விற்பது வியாபாரப் பேச்சு. ஸ்பேசர்தான் என்றால் ஹப்பைக் கவ்வி உட்காரும் வகையாகப் பாருங்கள். 6×139.7 துளை (139.7 மி.மீ. வட்டத்தில் ஆறு), M12×1.5 நட், 113 நியூட்டன்-மீட்டர் டார்க், முதல் 80 கிலோமீட்டருக்குள் மறுபடி டார்க் ரெஞ்ச். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடவே கூடாது.

ஹவுசிங்கை நீட்டினால் பேரிங்கும் சக்கரத்தோடு வெளியே நகர்கிறது. பேரிங் பிழைக்கும், ஆனால் அந்தச் சுமை குழாயின் தலையில் விழும்: பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உட்காரும் பேடுக்கு வெளியே ஹவுசிங் குழாய் 64 மி.மீ. கூடுதலாகத் தொங்குகிறது. அதனால் குழாயை வெட்டி உள்ளே ஸ்லீவ் கொடுத்து இணைப்பதோடு மேலே ட்ரஸ்ஸும் (வளையாமல் தாங்கும் இரும்புச் சட்டம்) தேவை. வெல்டிங்கின்போது டிஃப்ரன்ஷியல் (இரு ஷாஃப்ட்டுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) பேரிங் இடத்திலிருந்து ஹவுசிங் முனை வரை அலைன்மென்ட் பார் (நேர்கோடு காக்கும் கம்பி) போட்டே வைத்திருங்கள். சிறுசிறு தையலாக, எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறி, ஆறவிட்டு அடிக்க வேண்டும். ஒரே இழுப்பில் ட்ரஸ்ஸை அடித்தால் குழாய் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஷாஃப்ட் ஆர்டர் இதற்கெல்லாம் பிறகுதான். டிஃப்ரன்ஷியல் நடுவில் இல்லாததால் இடது, வலது நீளம் வேறு. ஆறிய ஹவுசிங்கில் எடுத்த அளவைத்தான் கொடுக்க வேண்டும்.

நாள்பட்ட ஓட்டத்தில் முதலில் கைகொடுக்காமல் போவது சீல். புது ஷாஃப்ட்டில் ரிடெய்னரும் (பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் வளையம்) ஏபிஎஸ் வளையமும் (சக்கர வேகத்தை அளக்க உதவுவது) சரியான ஆழத்துக்கு பிரஸ் ஆகவில்லை என்றால் கியர் ஆயில் டிரம்முக்குள் கசிந்து பிரேக் ஷூ ஊறிப்போகும், டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கும் எரியும். சீல் மாற்றியும் அதே பக்கம் திரும்பத் திரும்பக் கசிந்தால் சீலைக் குறை சொல்ல வேண்டாம், ஹவுசிங் பெண்ட் ஆகியிருக்கும். அலைன்மென்ட் மெஷினில் பின் சக்கரங்களுக்கும் கேம்பர், டோ (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு, முன்நோக்கிய திருப்பம்) அளவு எடுத்தால் உடனே தெரிந்துவிடும். கடையில் "பின்னால் செட்டிங்கே கிடையாது" என்பார்கள். செட்டிங் வேண்டாம், அளவு மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள்.

ஆக்சில் மேலுள்ள பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் மூன்றையும் நீட்ட வேண்டும். ஆக்சில் முழுதும் கீழே தொங்கும் நிலையில் இழுவை பாருங்கள்.

சஸ்பென்ஷனும் மாறும். பட்டையும் ஷாக் அப்சார்பரும் பழைய இடத்திலேயே இருக்க சக்கரம் வெளியே போவதால், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஷாக் முன்பைவிடக் குறைவாகவே அமுங்கும். பின்பக்கம் தளர்ந்ததுபோல இருக்கும். ஷாக்கை மறுபடி வால்விங் செய்வது, அதாவது உள்ளே எண்ணெய் ஓட்டத்தை மாற்றி இறுக்குவது, ஒரு வழி. கீழ் மவுண்ட்டை முடிந்தவரை சக்கரத்தை ஒட்டி நகர்த்துவது அதைவிட நல்லது.

1995–2004 டகோமா வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். டொயோட்டாவின் பெரிய பிக்கப்பான 2000–2006 டண்ட்ராவின் பின் ஆக்சில் அகலமானது, அதே 6×139.7 துளை. பட்டை பேடுகளை அளந்து மாற்றி வெல்ட் செய்ய வேண்டும், பினியன் கோணம் (டிரைவ் ஷாஃப்ட் டிஃப்ரன்ஷியலில் சேரும் சாய்வு) பார்த்த பிறகு. 35 அங்குல டயர் போட்டுக் குதிக்கிற வண்டி என்றால் மேலே சொன்ன எந்த வழிக்கும் காசு போடாதீர்கள். ஃபோர்டு 9 அங்குல டிஃப்ரன்ஷியலுக்கான ஃபேப்ரிகேட்டட் ஹவுசிங்கை, ஃபுல் ஃப்ளோட்டிங் முனைகளோடு (எடையை ஷாஃப்ட் அல்ல, ஹவுசிங்கே தாங்கும் வகை), வேண்டிய அகலத்திலேயே செய்து வாங்கலாம். அதில் ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது.