தனி ஜிபிஎஸ் கருவியா, சிம் கழற்றிய பழைய போனா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வழி காட்ட இன்று மூன்று சாமான் உண்டு. கண்ணாடியில் ஒட்டும் தனி ஜிபிஎஸ் கருவி, ரேடியோ இருந்த இடத்தில் பொருத்தும் ஆண்ட்ராய்டு திரை, ஸ்டாண்டில் மாட்டிய போன். மூன்றையும் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு நான் போன் பக்கம் வந்துவிட்டேன். அதிலும் மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும், சிம் கழற்றிய பழைய போன். தனிக் கருவிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

திரை அளவு, குரல், வேக எச்சரிக்கை இவற்றில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. செயற்கைக்கோள் சிக்னலை மூன்றுமே வானத்திலிருந்து இலவசமாகத்தான் வாங்குகின்றன. அதற்கு சிம்மும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். விலைப் பேச்சையும் ஒதுக்கி வைக்கிறேன், பழைய போன் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. எனக்குத் தீர்ப்புச் சொன்னது பழுதுதான். கருவி நின்றுபோனால் அதைச் சரிசெய்வது யார் கையில் இருக்கிறது, எத்தனை நாள் ஆகிறது என்ற கேள்வி.

தனிக் கருவியில் கருவி, மேப், சர்வீஸ் மூன்றும் ஒரே கடையின் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் பயன்படாது. அதனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியதைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கேபிள். மினி யூஎஸ்பி முனை உள்ள பல கருவிகளில், கார் கேபிளின் ஒரு பின் மட்டும் வேறு மாதிரி இணைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் கருவி தான் காரில் இருப்பதைத் தெரிந்துகொள்கிறது. அவசரத்துக்குச் சாதாரண டேட்டா கேபிளைச் செருகினால் மேப் வராது, கம்ப்யூட்டர் படம் வந்து அப்படியே நிற்கும். பலர் இதைக் கருவியின் பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேபிள் சரியாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால் லைட்டர் பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றுங்கள். பல பிளக்குகளில் உள்ளே சிறு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். கம்பி அறுந்திருந்தால் அதில் எழுதியுள்ள அதே ஆம்பியருக்கு மாற்றினால் போதும்.

அடுத்தது காலையில் இடம் பிடிக்கத் தாமதிப்பது. செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் வானத்திலிருந்து இறங்க பன்னிரண்டரை நிமிடம் ஆகும். கருவியின் பேட்டரி செத்திருந்தால் இரவில் நேரமும் அட்டவணையும் அழிந்து, தினமும் புதிதாகத் தொடங்கும். திறந்த வானத்தின் கீழ் வண்டியை அசைக்காமல் 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். அன்றைக்குச் சரியாகி மறுநாள் பழையபடி தாமதித்தால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி உள்ள வண்டிகளில் சிக்னல் சரியாக உள்ளே வராது. ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக இருக்கும் பகுதியில் பெரும்பாலும் பூச்சு இருக்காது, கருவியை அதன் அருகே மாற்றி ஒட்டுங்கள்.

தேதியும் வந்துசேரும் நேரமும் தாறுமாறாக இருந்தால் 2019 ஏப்ரல் 6 நினைவுக்கு வர வேண்டும். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். அன்றைக்கு அப்படித் திரும்பியது. அதற்கான மென்பொருள் வராத பழைய கருவிகள் ஏறக்குறைய 20 வருடம் பின்னால் போய்விட்டன. இதற்குத் தயாரிப்பாளர் தரும் அப்டேட் மட்டுமே மருந்து. அந்த மாடலைக் கைவிட்டிருந்தால் மருந்து கிடையாது.

தனிக் கருவிகள் பெரும்பாலும் சாவது அப்டேட்டில்தான். மேப் வருடத்துக்கு வருடம் பெருக்கிறது, உள்ளே உள்ள மெமரி வாங்கிய நாளில் இருந்த அளவிலேயே நிற்கிறது. இடம் போதாமல் அப்டேட் பாதியில் நிற்கும். தொடங்கும் முன் கருவியைக் கம்ப்யூட்டரில் இணைத்து, சேமித்த இடங்கள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். பிறகு தேவையில்லாத மொழிக் குரல்களை நீக்குங்கள். மெமரி கார்டு செருக இடமிருந்தால் மேப்பை அதில் ஏற்றுங்கள். அப்டேட்டை டெஸ்க்டாப்பில் செய்யவே செய்யாதீர்கள். லோட் ஷெடிங் வருடங்களில் இரண்டு மணி நேரத் துண்டிப்பு எத்தனை கருவிகளைக் கொன்றிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது. எழுதும் நடுவில் கரண்ட் போனால், அடுத்த முறை லோகோவோடு நின்றுவிடும். பேட்டரி முழுதாக ஏறிய லேப்டாப்பில் செய்யுங்கள், கேபிளைத் தொடாதீர்கள்.

சரி, அப்டேட்டே செய்யாமல் விட்டால்? 2010 மே மாதத்துக்கு முந்தைய மேப் இன்றும் விமான நிலையத்தை நகருக்குத் தெற்கே இசிப்பிங்கோ பக்கம் காட்டும். கிங் ஷாகா நிலையமோ வடக்கே லா மெர்சியில். கிரே தெரு டாக்டர் யூசுஃப் தாதூ தெரு ஆகி, வெஸ்ட் தெரு டாக்டர் பிக்ஸ்லி காசெமே தெரு ஆகி வருடங்கள் ஓடிவிட்டன. திருமணப் பத்திரிகையில் ஒரு பெயர், கருவியில் இன்னொரு பெயர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலைகளும் பாலங்களும் போனபோது, பழைய மேப் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தியே கருவி வழியாக வரவில்லை. மேப் பழசானால் கருவி பழுதானதற்குச் சமம் என்றுதான் நான் கணக்கு வைப்பேன்.

‘லைஃப்டைம் மேப்’ என்ற வார்த்தையை நம்பி வாங்குகிறவர்கள் அட்டைப்பெட்டியின் சிறு எழுத்தைப் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் அந்த மாடலுக்கு ஆதரவு தரும் காலம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

இனி கடைக்காரர். “கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறோம், பார்ட்ஸ் வரவில்லை, அடுத்த வாரம் கூப்பிடுங்கள்.” இந்த மூன்று வாக்கியத்தில் மாதங்கள் கரைந்துவிடும். இங்கேதான் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் கடைக்காரரின் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று சொல்லும் உரிமை உங்களுடையது, கடைக்காரருடையது அல்ல. ரிப்பேர் செய்து வாங்கிய மூன்று மாதத்துக்குள் மறுபடி கெட்டால், இரண்டாவது ரிப்பேருக்கு நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். ‘கம்பெனியிடம் போய்க் கேளுங்கள்’ என்று கடை கைகழுவ முடியாது, இந்தப் பொறுப்பு விற்றவருக்கும் உண்டு.

அதற்கு உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும். ரசீது, கருவியின் சீரியல் எண், மென்பொருள் பதிப்பு, குறை தெரியும் இருபது வினாடி வீடியோ. கொடுக்கும் நாளில் ‘இன்ன குறை, இன்ன தேதி, பணம் திருப்பித் தரக் கேட்கிறேன்’ என்று ஈமெயிலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ‘ரிப்பேருக்கு ஒப்படைத்தேன்’ என்று அச்சிட்ட ஜாப் கார்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பணம் கேட்டால் சிக்கல். கடை மசியவில்லை என்றால் கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் முதலில் கடையிடம் எழுத்தில் முறையிட்டதற்குச் சான்று கேட்பார்கள். ஆன்லைனில் உள்நாட்டுக் கடையில் வாங்கியிருந்தால், குறையே இல்லாவிட்டாலும் ஏழு நாளுக்குள் வேண்டாம் என்று திருப்ப 2002-ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் இடம் கொடுக்கிறது, அனுப்பும் செலவு உங்களுடையது. வெளிநாட்டுத் தளத்தில் வாங்கியதற்கு இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு நடைமுறையில் யாரிடமும் போக முடியாது. மலிவு ஆண்ட்ராய்டு திரைகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

அந்தத் திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நான் கையாண்டவை இரண்டு மூன்றுதான். அதில் வரும் தொல்லையில் பாதி வயரிங். பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட் மஞ்சள் வயரில், சாவி திருப்பினால் வருவது சிவப்பில். சில ஐரோப்பிய வண்டிகளில் இவை இரண்டும் இடம் மாறியிருக்கும். மாற்றாமல் செருகினால் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் செட்டிங் அழியும், அல்லது இரவெல்லாம் திரை மின்சாரம் குடித்துக் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஜிபிஎஸ் ஆண்டெனாவை டேஷ்போர்டுக்குள் இரும்புச் சட்டத்தின் கீழே திணித்துவிட்டு ‘சிக்னல் வீக்’ என்பதும் வழக்கம். கண்ணாடிக்குக் கீழே, மேல்முகமாக வைக்க வேண்டும். 1 ஜிபி, 2 ஜிபி ரேம் உள்ளதைத் தொடாதீர்கள், திருப்பம் கடந்த பிறகுதான் திரும்பச் சொல்லும்.

இப்போது போன். இதில் மேப் கெட்டால் வேறு மேப் போடலாம், கேபிள் கெட்டால் எந்தக் கடையிலும் கிடைக்கும், போனே கெட்டால் அடுத்த பழைய போன் வரும். யாருடைய கவுண்டரிலும் காத்திருக்க வேண்டாம். நான் போன் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒன்றே போதும்.

அமைக்கும்போது போனை முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்து, வங்கி ஆப், வாட்ஸ்ஆப் எதுவும் இல்லாமல் காலியாக வையுங்கள். ரோபோவில், அதாவது போக்குவரத்து விளக்கில் நிற்கும்போது, கண்ணாடியை உடைத்துப் பறித்துக்கொண்டு ஓடினாலும் போவது பழைய போன் மட்டும். வீட்டு வைஃபையில் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் ஆப் போட்டு தென்னாப்பிரிக்கா மேப்பை இறக்குங்கள். இரண்டும், பொதுமக்களே சேர்ந்து வரையும் இலவச மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் ஓடுபவை. கூகுள் மேப்ஸிலும் டர்பன் வட்டாரத்தை ஆஃப்லைனுக்கு இறக்கலாம். ஆனால் அது காலாவதியாகும், அவ்வப்போது வைஃபை காட்டிப் புதுப்பிக்க வேண்டும். நெரிசல் விவரம் வேண்டுமென்றால் புதுப் போனின் ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிடுங்கள்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பலவீனம் வீட்டு எண். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தெருக்களுக்குப் பெயர் வரும் முன் எண்தான் இருந்தது, பெரியவர்கள் இன்னும் ரோடு 706 என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்ட முகவரிக்குப் புதுப் போனின் வாட்ஸ்ஆப்பில் இருப்பிடத்தை வாங்கி, அந்த அட்சரேகை தீர்க்கரேகையைப் போட்டுச் சேமியுங்கள். தெற்கு என்பதால் முதல் எண்ணுக்கு முன் கழித்தல் குறி கட்டாயம். டர்பன் நடுப்பகுதி -29.86, 31.02. கழித்தல் குறியை விட்டால் அது எகிப்தில் கெய்ரோவுக்குத் தென்மேற்கே போய் விழும். பள்ளியில் படித்த பழக்கத்தில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டால் சில ஆப்கள் ஏற்காது.

வெப்பம்தான் போனின் எதிரி, தனிக் கருவிக்காரர்கள் சொல்வது இதைத்தான். பிப்ரவரி வெயிலில் கண்ணாடியில் ஒட்டிய போன் முதலில் வெளிச்சத்தைக் குறைக்கும், பிறகு சார்ஜை நிறுத்தும், கடைசியில் அணைந்துவிடும். கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி துவாரத்தில் மாட்டுங்கள், கவரைக் கழற்றுங்கள். 1 ஆம்பியர் சார்ஜர் திரைக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் ஈடுகொடுக்காது, 18 வாட் வேண்டும். முதுகு உப்பிய பேட்டரி உள்ள போனை இதற்கு எடுக்கவே கூடாது. வண்டியை நிறுத்தினால் போனை உள்ளே விட்டுப் போகாதீர்கள், ஸ்டாண்டையும் கழற்றுங்கள். சட்டப்படியும் ஓட்டும்போது போன் கையில் இருக்கக் கூடாது, பொருத்தப்பட்டிருக்க வேண்டும். போகும் இடத்தைப் புறப்படும் முன்பே போட்டுவிடுங்கள்.

எந்தக் கருவியானாலும் ‘குறைந்த தூரம்’ என்பதை அணைத்து ‘குறைந்த நேரம்’ வையுங்கள், மண்சாலையைத் தவிர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரைப் பகுதியில் கரும்புத் தோட்டப் பாதைக்குள் இறக்கிவிடும். ‘டோல் தவிர்’ போட்டிருந்தால் மரியன்ஹில் சுங்கச்சாவடிக்கு முன்பே என்3 நெடுஞ்சாலையிலிருந்து கீழே இறக்கும், இரவில் அது வேண்டாம்.

தனிக் கருவி நிஜமாக ஜெயிக்கும் இடம் சானி கணவாய், லெசோத்தோ பக்கம். வெயிலில் தெளிவாகத் தெரியும் திரை, ட்ராக்ஸ்4ஆஃப்ரிகா போன்ற காட்டுப்பாதை மேப். மாதம் இரண்டு முறை பேக்கியை (பின்னால் திறந்த தொட்டி உள்ள பிக்கப் வண்டியை) எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறவர் அதை வாங்கட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆறு மாதக் கெடுவை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும்.

போனை அமைத்து முடித்ததும் ஒரு சோதனை ஓட்டம் போடுங்கள். ஏரோப்ளேன் மோடில் வைத்து, சாட்ஸ்வர்த்தில் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ஏறி, என்2 வடக்கே, மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் வரை. எம்41 சந்திப்பில் சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கில் போகின்றன. ஜிபிஎஸ்ஸில் உயரக் கணக்கின் பிழை தரைக் கணக்கைவிடப் பெரியது, அதனால் எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று கருவி குழம்பும் இடம் அது. அங்கே குரல் தடுமாறாமல் வந்தால் அமைப்பு சரி. தடுமாறினால் ஆப்பின் இருப்பிட அனுமதி ‘துல்லியம்’ என்று இருக்கிறதா, பேட்டரி சேமிப்பு முறை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இதை அந்தக் கோயிலின் பெரிய வெள்ளித் திருவிழாக் கூட்டத்தில் செய்யாதீர்கள், அதற்கு முந்தைய ஞாயிறு காலையில் செய்யுங்கள்.