ஆம்ஸ்டர்டாம் ஸ்ட்ராட்: கப்பல் பட்டறைக்குள் தெரு ஓவியம்

ஆம்ஸ்டர்டாம் போகிறவர்கள் வான்கோ, ரெம்பிராண்ட் என்று இரண்டு இடம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அரை நாள் மிச்சம் இருந்தால் தயவுசெய்து தெரு ஓவியங்களுக்கான ஸ்ட்ராட் அருங்காட்சியகத்துக்கும் போய் வாருங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பின்பக்கம் வந்தால் அது இருக்கும் என்டிஎஸ்எம் என்ற பழைய கப்பல் துறைக்குப் போகும் படகு நிற்கும். காசு கிடையாது, கால் மணி நேரத்தில் அக்கரை. ஊரிலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள், அவளை அழைத்துக்கொண்டுதான் நான் இரண்டாவது முறை போனேன்.

உள்ளே நுழையும் முன்பே வெளிச்சுவரில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் முகம். பிரேசில்காரர் எடுவார்டோ கோப்ரா 2016-இல் வரைந்தது, சதுரமும் முக்கோணமுமாகக் கலர் கலராக வெட்டி ஒட்டியது போல இருக்கும். பக்கத்தில் போனால் வெறும் கட்டங்கள்தான். பின்னால் நகர நகர அந்தப் பெண் நம்மைப் பார்க்கத் தொடங்குகிறாள்.

அருங்காட்சியகம் இருப்பது பழைய கப்பல் கட்டும் தளத்தின் வெல்டிங் கூடத்தில். 2020-இல் திறந்தார்கள். சுமார் 8,000 சதுர மீட்டர், 150-க்கும் மேற்பட்ட ஓவியங்கள், பலவும் ஒரு வீட்டுச் சுவரை விடப் பெரிய கேன்வாஸ்கள். இந்த அளவுதான் முக்கியம் என்பேன். ஸ்ப்ரே டப்பா பிடித்துச் சுவரில் தன் பெயரைப் பெரிய எழுத்தாக வரைபவர் மணிக்கட்டால் வரைவதில்லை, தோளையும் இடுப்பையும் சேர்த்து வீசி வரைகிறார், அந்த வீச்சைச் சோபாவுக்கு மேலே மாட்டுகிற அளவுக்குச் சுருக்கினால் எழுத்து மட்டும் மிஞ்சும், உடம்பு போய்விடும். 1983-இலேயே இதே ஊரில் யாக்கி கோர்ன்பிளிட் என்பவரின் கேலரி, நியூயார்க் ரயில் பெட்டிகள் மேல் ஸ்ப்ரேயால் வரைந்துவந்த டோண்டி உள்ளிட்ட ஓவியர்களைக் கேன்வாஸில் காட்டியது. அந்த முயற்சி மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் ஓடும் ரயில் பெட்டி முழுக்க நீண்ட எழுத்துக்குக் கேலரிச் சுவர் எப்படிப் போதும்? ஸ்ட்ராட்டில் ஓவியர்களையே கூட்டி வந்து, பெரும்பாலானவற்றை இந்தக் கூடத்திலேயே வரைய வைத்திருக்கிறார்கள். அந்த வித்தியாசம் பார்த்ததுமே தெரிகிறது.

கிட்டப் போய்ப் பாருங்கள். டப்பாவைத் தள்ளிப் பிடித்த இடத்தில் கோட்டின் ஓரம் பனி மாதிரிக் கரைந்திருக்கும், ஒட்டிப் பிடித்த இடத்தில் கத்தியாக நிற்கும். ஒரு கறுப்புக் கோட்டிலிருந்து பெயிண்ட் ஒழுகி, துணியின் இழையில் மாட்டி, பாதியிலேயே உறைந்திருந்தது. அண்ணன் மகள் அந்தச் சொட்டை மட்டுமே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, குறை இல்லையா? இருக்கிறது. தெருவில் ஒருவர் வரைந்தால் இன்னொருவர் அதன் மேல் பதில் எழுதுவார், வெயிலும் மழையும் தன் பங்கைச் செய்யும். இங்கே அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அப்புறம், எல்லாமே உரக்கப் பேசும் நிறங்கள், ஒரு மணி நேரத்தில் எனக்குக் கண் களைத்துவிட்டது.

ஆனால் நியூயார்க் ஓவியர் கீத் ஹாரிங்கை நினைத்தால் அந்தக் குறையைப் பெரிதாகச் சொல்ல மனம் வரவில்லை. 1986-இல் அவர் ஆம்ஸ்டர்டாம் மொத்தச் சந்தைக் கட்டடத்தின் செங்கல் சுவரில் வெள்ளைக் கோட்டில் 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு விநோத விலங்கை வரைந்தார். பிறகு சுவர்மேல் தகடு அடித்து மூடினார்கள். 2018-இல்தான் அதை மறுபடி திறந்தார்கள், ஹாரிங் இறந்து 28 ஆண்டு கழித்து. தெருவில் இருந்தாலே உயிரோடு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

குளிர்காலத்தில் போனால் ஜாக்கெட்டைக் கழற்றாமல் சுற்றுங்கள், பட்டறைக் கூடம் அல்லவா. முடித்ததும் உடனே படகைப் பிடிக்காதீர்கள். துறையைச் சுற்றியுள்ள சுவர்களில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெயர்கள் எழுதிக் கிடக்கும், உள்ளே பார்த்த கண்ணோடு அதையும் பாருங்கள். நாங்கள் அப்படிச் சுற்றியதில் இரண்டு படகுகளைத் தவறவிட்டோம்.